மார்வா வாங்கிய ரம்பம்

எங்கள் நெடுஞ்சாலையில் வீடுகளுக்கு மைல் கணக்குதான் முகவரி. மார்வா டோர்வாலின் வீடு எண்பத்துமூன்றாம் மைலில் இருக்கிறது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் பெரிய பெரிய அண்டாக்களைத் தூக்கி இறக்கியவள். அறுபத்தொரு வயது. வலது தோள் போன இடம் அந்தச் சமையலறைதான்.

அவள் கணவன் வெண்டலுக்கு மார்ச் மாதம் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது. பசித்தாலும், கோபம் வந்தாலும், ஜன்னலில் பறவையைக் கண்டாலும் வெண்டல் "செவ்வாய்க்கிழமை" என்றான். சிலருக்கு இப்படி ஒரு சொல் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், ஆனால் மற்றவர்கள் பேசுவதெல்லாம் அவருக்குப் புரியும் என்று மருத்துவர் சொன்னார். மார்வா தலையாட்டிவிட்டு, வண்டி நிறுத்துமிடச் சீட்டில் எங்கே முத்திரை வாங்குவது என்று கேட்டாள்.

அவள் அழவில்லை. அழுதாயா என்று கேட்டவர்களிடம் நேரமில்லை என்றாள். நேரம் இருந்தது. பிற்பகல்களில் மேஜை முன்னால் உட்கார்ந்து, ஏற்கெனவே கழுவிய கோப்பையை மறுபடி எடுத்துக் கழுவுவாள். ஜூன் மாதம் வெண்டலின் தம்பி ரெக்ஸ், ஃபேர்பேங்க்ஸ் நகரத்துப் பராமரிப்பு இல்லத்தின் காத்திருப்புப் பட்டியல் படிவங்களைக் கொண்டுவந்தான். அவன் விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

செப்டம்பர் முதல் வாரம் அங்கிருந்து தகவல் வந்தது. அக்டோபர் முதல் தேதி ஒரு படுக்கை காலியாகிறது. வருகிறாரா இல்லையா என்று இருபதாம் தேதிக்குள் சொல்ல வேண்டும்.

"வர்றான்னு சொல்லிடலாம்ல?" என்றான் ரெக்ஸ்.

"யோசிக்கிறேன்."

"என்னத்த யோசிக்கிற? விறகு, தண்ணி, கறி. வருஷா வருஷம் அவனும் நானும் சேர்ந்து பார்த்தோம். இந்தக் குளிர்காலத்துக்கு நீ ஒருத்தி என்ன பண்ணுவ? சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறேன், மூஸ் யார் அடிப்பா?"

"நான் அடிக்கிறேன்."

மூஸ் என்பது எங்கள் காட்டில் குதிரையைவிட உயரமாய் நிற்கும் மான். ரெக்ஸ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான். "சரி. நீயா ஒரு மூஸைக் காட்டுலேர்ந்து வீட்டுக்குக் கொண்டுவா. நான் இதுக்கப்புறம் வாயத் திறக்க மாட்டேன். முடியலன்னா அவன் ஃபேர்பேங்க்ஸ் போறான். சரியா?"

"சரி" என்றாள் மார்வா. ஏன் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. ஆனால் சொன்ன பிறகு அதுவே கணக்காகிவிட்டது. கறி வந்தால் வெண்டல் வீட்டில். வராவிட்டால் ஃபேர்பேங்க்ஸில்.

வேட்டை அனுமதிச் சீட்டு ஏற்கெனவே குளிர்பதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தது. மேல் ஆற்றுப் பகுதியில் ஒரு கடா மூஸ், எந்த அளவானாலும். பத்தொன்பது வருடம் குலுக்கலுக்கு விண்ணப்பித்து, இந்தப் பிப்ரவரியில்தான் வெண்டலின் பெயர் வந்தது. வந்து இருபத்துமூன்றாம் நாள் விழுந்தான். சீட்டு அவன் பெயரில் இருப்பதால் வேறொருவர் அவனுக்குப் பதிலாளாகத்தான் போக முடியும். அதற்குத் தனிப் படிவம் உண்டு. தனி விதியும் உண்டு: பதிலாள் அடித்த மூஸின் கொம்புகளை, விழுந்த இடத்திலேயே மண்டையோட்டின் நடுவில் அறுத்து இரண்டாக்கிவிட வேண்டும். அடுத்தவர் சீட்டில் போய்ச் சுவரில் மாட்டக் கொம்பு தேடக் கூடாது, கறிக்காக மட்டும் போக வேண்டும் என்பதற்காக. எங்கள் சாலையில் யார் வீட்டு வாசலிலாவது இரண்டாய் அறுத்த கொம்பு கிடந்தால், அந்த வீட்டில் ஒருவர் இனி காட்டுக்குப் போக மாட்டார் என்று அர்த்தம். வெண்டலே ஒன்பது கிழவர்களுக்குப் பதிலாளாகப் போய் அறுத்துக் கொடுத்தவன். படிவத்தை அவன் முன்னால் வைத்தபோது வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இடது கையால் ஒரு கோணல் கோடு இழுத்தான்.

துப்பாக்கியைப் பற்றி மார்வாவுக்குக் கவலை இல்லை. சுடத் தெரியும். கத்தி பிடிக்கவும் தெரியும். ரம்பம்தான் எப்போதும் வெண்டலின் வேலையாக இருந்தது.

கொட்டகையில் அவனுடைய சங்கிலி ரம்பம் இருந்தது. கைப்பிடியில் மஞ்சள் டேப் சுற்றியது, கறிக்கு மட்டும் என்று அடையாளம். வழக்கமாகச் சங்கிலிக்கு ஊற்றுகிற எண்ணெய் கறியில் தெறித்தால் நாய்கூடத் தொடாது என்பதால், வெண்டல் இதில் சமையல் எண்ணெய்தான் ஊற்றுவான். மார்வா கிளப்பும் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். மூன்றாவது இழுப்பில் தோளில் ஏதோ கடக் என்றது. எண்ணெய் மூடியைத் திறந்து முகர்ந்தாள். லாரிப் பட்டறை வாசனை.

ரெக்ஸுக்குப் போன் செய்தாள். "மஞ்சள் டேப் ரம்பத்த எடுத்தியா?"

"ஜூலைல. உங்களுக்குத்தான் விறகு அறுத்தேன்."

"அதுல என்ன எண்ணெய் ஊத்துன?"

"ஐயையோ" என்றான்.

"நாப்பது வருஷமா அந்த டேப்பப் பாக்குற, ரெக்ஸ்."

"கழுவித் தர்றேன், மார்வா. சங்கிலியக் கழட்டி, கொதிக்கிற தண்ணில போட்டு..."

"வேணாம். என்னால அதக் கிளப்பவே முடியல."

பத்தாம் தேதி அவள் ஃபெர்ன் ஓடிஸின் கடைக்குப் போனாள். ஃபெர்ன் கடையில் ஆணியும் கிடைக்கும், தூண்டில் புழுவும் கிடைக்கும், பெரியவர்களுக்கான டயப்பரும் கிடைக்கும். மார்வா வந்தால் ஃபெர்ன் கேட்காமலே டயப்பர் கட்டை எடுத்து மேஜைமேல் வைப்பாள்.

"அதோட ஒரு ரம்பமும் வேணும். மூஸ் அறுக்க."

ஃபெர்ன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "யாரு அறுக்கப் போறா?"

"நான்."

"வா தங்கம், பின்னாடி போவோம்."

சரக்கு இறக்கும் மேடையில், நாய்களுக்கு விற்கிற மாட்டுக் கால் எலும்புகளில் நான்கை எடுத்து இடுக்கியில் பொருத்தினாள் ஃபெர்ன். முதலில் பேட்டரியில் ஓடும் சின்னச் சங்கிலி ரம்பம். எலும்பைப் பாலாடைக்கட்டி மாதிரி வெட்டியது. எலும்புத் தூளும் மஜ்ஜையும் இருவர் முகத்திலும் அப்பின.

"வேகம்தான். ஆனா ஒவ்வொரு அறுப்புலயும் ஒரு கைப்பிடி கறியத் தூளாக்கி மரத்துல அடிக்கும். எண்ணெயும் ஊத்தணும்" என்றாள் ஃபெர்ன், மூக்கைத் துடைத்தபடி. "ஆம்பிளைங்க இதத்தான் வாங்குறாங்க. சத்தம் பிடிக்கும் அவங்களுக்கு."

அடுத்தது, பிளேடு முன்னும் பின்னும் குத்தி ஓடுகிற பேட்டரி ரம்பம். குழாய் வேலைக்காரர்கள் சுவரை அறுக்க வைத்திருப்பது. இரண்டு அளவில் இருந்தது. சின்னது ஒரு கைக்கு அடங்கியது. மார்வாவுக்கு அதுதான் பிடித்தது. எலும்பில் வைத்து அழுத்தியதும் குதிரைபோல் உதைத்துத் துள்ளி, இடுக்கியில் கீறல் போட்டது.

"ரம்பத்து மூக்க எலும்புமேல ஒட்டி அமுக்கிப் பிடி. இடைவெளி விட்டா அது உன்னத்தான் அறுக்கும்."

அமுக்கிப் பிடித்தாள். அறுந்தது. ஆனால் பாதியில் மூச்சுத் திணறியது. பெரியதை எடுத்தாள். கனம், ஆனால் இரண்டு கைக்கும் இடம் இருந்தது. கயிறு இழுக்க வேண்டாம், விசையை அழுத்தினால் போதும். தோள் ஒன்றும் சொல்லவில்லை. எலும்பு இரண்டு துண்டாகி மேடையில் உருண்டது.

"இது" என்றாள்.

"பிளேடு எது? ஒம்பது அங்குலமா, பன்னெண்டா?"

"பன்னெண்டு. முதுகெலும்பு இருக்கே."

மார்வா நெருக்கமான பல் உள்ள பிளேடை எடுத்தாள். அது நறுக்கென்று அறுக்கும் என்று தோன்றியது. ஃபெர்ன் அதைப் பிடுங்கித் திரும்பக் கொக்கியில் மாட்டினாள். "அது இரும்புக்கு. கொழுப்பும் எலும்பு மாவும் பல்லுல அடைச்சு, அஞ்சு நிமிஷத்துல வெண்ணெய் தடவுற கத்தியாயிடும். பச்சை மரக்கிளை அறுக்குற பிளேடு எடு, அகலப் பல்லு. வீட்டுக்குப் போனதும் பாத்திர சோப்பு போட்டுத் தேய். புதுசுமேல எண்ணெய் பூசித்தான் அனுப்புறான். பேட்டரி மூணு. அதக் கோட்டுக்குள்ள வயித்தோட வெச்சுக்கோ. குளிர்ல செத்துடும்."

மேஜைக்குத் திரும்பியதும் ஃபெர்ன் கேட்டாள்: "தனியாவா போற?"

"ஆமா."

"எழுநூறு கிலோ மிருகத்த ஒருத்தியாப் புரட்டுவியா? எப்போ?"

"பதினாலாம் தேதி."

ஃபெர்ன் ஒரு அட்டையை எடுத்துப் பெரிய எழுத்தில் 'மூஸ்' என்று எழுதி, கீழே பதினாலு, பதினஞ்சு என்று தேதி போட்டுக் கதவுக்குள் சொருகினாள். எங்கள் சாலையில் கடை மூட அதற்குமேல் காரணம் எழுத வேண்டியதில்லை.

அன்று மாலை மார்வா சமையலறைத் தொட்டியில் பிளேடுகளைத் தேய்த்துக் கழுவித் தட்டுகளோடு அடுக்கிக் காய வைத்தாள். ரம்பத்தை வெண்டலின் மடியில் வைத்தாள். அவன் இடது கையால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விசையை அழுத்தினான். பேட்டரி போடவில்லை. "செவ்வாய்க்கிழமை" என்றான், ஏளனமாக.

"உன் ரம்பத்த உன் தம்பி நாசம் பண்ணிட்டான். இதுதான் இருக்கு."

அண்ணனைப் பார்த்துக்கொள்ளும் வேலை ரெக்ஸுக்கு. "ரெண்டு நாள்தான? பரவால்ல போ. கஞ்சி, மாத்திரை, டிவி. எனக்குத் தெரியாதா?" என்றான்.

பதினான்காம் தேதி ஃபெர்னின் படகில் ஆற்றில் பன்னிரண்டு மைல் மேலே போய்க் கூடாரம் போட்டார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு, புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்திருந்தபோது, ஃபெர்ன் பழைய மூஸ் தோள்பட்டை எலும்பு ஒன்றை எடுத்து ஆற்றோரப் புதரில் பரபரவென்று உரசினாள். இன்னொரு கடா வந்து கொம்பு தீட்டுகிறது என்று காட்டுக்குச் சொல்லும் சத்தம். இருபது நிமிடத்தில் பதில் வந்தது. புதர்கள் விலகின. இரண்டு பக்கமும் கதவுகளைத் தூக்கி வருவதுபோல் கொம்புகளைச் சாய்த்துச் சாய்த்து ஒரு கடா நடந்து வந்தது.

மார்வா சுட்டாள். அது பத்தடி நடந்து, யோசிப்பதுபோல் நின்று, பிறகு முன்னங்கால் மடிந்து சாய்ந்தது. படகிலிருந்து நானூறு அடி தூரம், காய்ந்த தரை.

"அடேங்கப்பா" என்றாள் ஃபெர்ன்.

மார்வா காத்திருந்தாள். இந்த இடத்தில் ஏதாவது வர வேண்டும் என்று நினைத்தாள். மகிழ்ச்சியோ, பயமோ, அழுகையோ. அவளுக்குக் கால் சில்லிட்டிருந்தது, அவ்வளவுதான். வெண்டலின் காலை மாத்திரைப் பெட்டியைச் சமையலறை மேஜையில் வைத்தோமா, அலமாரியில் வைத்தோமா என்ற யோசனை ஓடியது.

தோலும் குடலும் கத்தி வேலை. பின்தொடைகளும் முன்சப்பைகளும்கூட மூட்டில் கத்தி வைத்தால் கழன்றுவிடும். ஆனால் எங்கள் பகுதியில் விலாவும் கறியோடு, எலும்போடுதான் காட்டைவிட்டு வர வேண்டும். அங்கேதான் ரம்பம். மார்வா பேட்டரியைப் போட்டு முதுகெலும்பின் ஓரமாய் விலாவில் வைத்து அழுத்தினாள். நான்காவது எலும்பில் ரம்பம் முனகி நின்றது.

"எங்க வெச்சிருந்த அத?"

"பைல."

"வயித்துல வைன்னேன்ல? சமையல்காரிக்கு அடுப்புச் சூடுதான் தெரியும் போல."

"ரெண்டு என் வயித்துலதான் இருக்கு. மூணு வெச்சா குனிய முடியல."

"எனக்குக் குடு ஒண்ண. என் வயித்துல இடத்துக்கா பஞ்சம்?"

சூடான பேட்டரி போட்டதும் ரம்பம் ஓடியது. மயிர் கறியில் ஒட்டாமல் உள்ளிருந்து வெளியே அறுத்தாள். கோடு நேராக வரவில்லை. ஒரு எலும்பு நீளமாகவும் அடுத்தது குட்டையாகவும் வந்தது. பலகைபோல் வந்த ஒவ்வொரு விலாத் துண்டையும் ஃபெர்ன் துடைத்துத் துணிப்பையில் கட்டினாள். நெஞ்செலும்பு, கழுத்து, முதுகு மூன்று துண்டு. மதியம் தாண்டி இரண்டு மணிக்கு எல்லாக் கறியும் படகில் இருந்தது. கறி ஏறிய பிறகுதான் கொம்பைத் தொடலாம் என்பதும் விதி.

ஃபெர்ன் கொம்பின் குறுக்கே அளவு நாடாவை இழுத்துப் பிடித்தாள். "அறுபத்தொண்ணு அங்குலம், மார்வா. வெண்டல் பத்தொம்பது வருஷம் எதுக்குக் காத்திருந்தானோ அது." நாடாவைச் சுருட்டிவிட்டுச் சொன்னாள்: "நான் படகுல போய் உக்காந்து ஒரு காபி குடிக்கிறேன். ஆத்துமேல ஒரு ஈ காக்கா இல்ல. நீ அறுத்தியா அறுக்கலையான்னு நான் பாக்கப் போறதில்ல."

மார்வா கையுறையைக் கழற்றி விரல்களைப் பார்த்தாள். ரம்பத்தின் அதிர்வில் நுனிகள் வெளுத்திருந்தன. ஒன்றை ஒன்று தொட்டால் வேறு யாருடையதோபோல் இருந்தது.

"ஒம்பது பேருக்கு அவன் அறுத்திருக்கான்" என்றாள். "முழுசாக் கொண்டுபோய் அவன் முன்னாடி வெச்சா, திருடிட்டு வந்தேன்னு அவனுக்குத்தான் முதல்ல தெரியும்."

இரண்டு கொம்புகளுக்கும் நடுவில் ரம்பத்தின் மூக்கை வைத்து அமுக்கினாள். தேய்ந்த எலும்பின் வாடை வந்தது, பல் மருத்துவரிடம் வரும் வாடை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு பாதிகளும் பக்கத்துக்கு ஒன்றாய்ச் சாய்ந்தன.

வீட்டுக்கு வந்தபோது மணி ஆறரை. வெளிச்சம் இருந்தது. ரெக்ஸ் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். சவரம் இல்லை; சட்டையில் கஞ்சி காய்ந்திருந்தது. உள்ளே வெண்டல் ரெக்ஸின் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் இருந்தான்.

"நேத்து மத்தியானம் கழிப்பறைல சரிஞ்சுட்டான்" என்றான் ரெக்ஸ். "என்னால தூக்க முடியல. நாப்பது நிமிஷம் ரெண்டு பேரும் தரையில. அவன் செவ்வாய்க்கிழமைங்கறான், நான் கெட்ட வார்த்தை சொல்றேன். சாப்பாட்டுல வேற ரெண்டு தடவை பொரையேறி நீலமாப் போயிட்டான். இதெல்லாம் தினமும் நடக்குதா?"

"தினமும் இல்ல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்ல என்ன இருக்கு?"

ரெக்ஸ் படகுத்துறையிலிருந்து வந்த வண்டியைப் பார்த்தான், துணிப்பைகளை எண்ணுவதுபோல். "கொண்டுவந்துட்ட. ஒத்துக்கறேன். வாய மூடிக்கறேன்னு சொன்னேன், ஆனா அது கறியப் பத்தி. இது வேற. இங்க பாரு மார்வா, இப்பவே போன் போட்டு அந்தப் படுக்கை வேணும்னு சொல்லு. நீ செத்துடுவ."

அவன் கேலி செய்யவில்லை. வெண்டல் நாற்காலியிலிருந்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் அவனுக்குப் புரியும் என்று மருத்துவர் சொன்னது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது. ரெக்ஸ் எழுந்து போய்க் கறிப்பைகளைச் சுமக்க ஆரம்பித்தான்.

மறுநாள் காலை, கொட்டகையில் கறியெல்லாம் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. மார்வா வெண்டலை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு போனாள். கொம்பின் இரண்டு பாதிகளும் சுவரோரம் கிடந்தன. வெண்டல் அங்கே கை காட்டினான். ஒரு பாதியைத் தூக்கி மடியில் வைத்தாள். அவன் அகன்ற இலைபோன்ற பகுதியைத் தடவவில்லை. அறுத்த முகத்தில் கட்டைவிரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓட்டினான். அவன் முகத்தில் ஒரு பாதிதான் அசையும். அந்தப் பாதி அசையவில்லை. பிறகு கொம்பைத் தள்ளிவிட்டான்.

மார்வா விலாப் பலகையைக் கொக்கியில் திருப்பி மாட்டினாள். வெண்டல் அந்தக் கோணல்மாணலான அறுப்பைப் பார்த்தான். மூக்கால் ஒரு சத்தம் விட்டான். நீளமான எலும்பைக் காட்டினான், குட்டையானதைக் காட்டினான். "செவ்வாய்க்கிழமை!"

"தெரியுது. நீ அறுத்திருந்தா அளவுகோல் வெச்ச மாதிரி இருந்திருக்கும். நீ வரல."

தொடைகள் ஒரு வாரம் தொங்கட்டும். ஆனால் கழுத்துக் கறியையும் ஓரங்களையும் உடனே அரைத்துவிடுவது வழக்கம். வெண்டலுக்கு விழுங்க முடிவதும் அரைத்ததுதான். மின்சார அரவை இயந்திரத்துக்குப் பதிலாக மார்வா பழைய கைப்பிடி அரவையை மேஜை விளிம்பில் திருகினாள். நாற்காலியை அதன் பக்கத்தில் தள்ளி, கைப்பிடி அவன் இடது பக்கம் வருகிற மாதிரி நிறுத்தினாள். துண்டுகளைப் போட ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கைப்பிடி சுற்றியது. இரண்டு சுற்று, நிறுத்தம். முறைப்பு. மறுபடி மூன்று சுற்று. கறி நூலாக வெளியே விழுந்தது. இப்படியே பத்து கிலோவரை போனார்கள்.

"ஃபேர்பேங்க்ஸ்ல ஒரு எடம் இருக்கு" என்றாள் மார்வா, துண்டுகளைத் தள்ளிக்கொண்டே. "ரெக்ஸ் சொன்னது கேட்டிருப்ப. தூக்க ஆள் இருக்கும் அங்க. போறியா? இங்கயே இருக்கியா?"

கைப்பிடி நின்றது.

"செவ்வாய்க்கிழமை" என்றான் வெண்டல். கோபமாகவும் இல்லை, கெஞ்சலாகவும் இல்லை. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பாதி முகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆறு மாதமாகப் பார்த்தும் அவளுக்கு முழுதாகப் படிக்க வரவில்லை. அவன் மேஜையைப் பார்த்தான். அரவையில் கறி தீர்ந்திருந்தது. ஆள்காட்டி விரலால் கிண்ணத்தின் விளிம்பில் தட்டினான், இரண்டு தடவை. போடு என்பதுபோல்.

போட்டாள்.

பதினொரு மணிக்கு அவன் அசந்து தூங்கிய பிறகு சமையலறைக்கு வந்து போன் செய்தாள். கைகளைக் கழுவியும் விரல் நுனிகளில் உணர்ச்சி வரவில்லை. எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அழுத்தினாள். ஒரு இளம் பெண் எடுத்தாள். நல்ல குரல்.

"டோர்வால். அக்டோபர் படுக்கைக்கு. வரலைன்னு சொல்லணும்."

"அப்படியா மேடம். பட்டியல்ல பேர எடுத்தா மறுபடி கடைசிலேர்ந்துதான் வரணும். ஒரு வருஷத்துக்கு மேல ஆகலாம். பரவாயில்லையா?"

"பரவாயில்ல."

"காரணம் ஒண்ணு போடணும் மேடம். என்ன போடட்டும்?"

மார்வா யோசித்தாள். ஜன்னல் வழியாகக் கொட்டகையின் திறந்த கதவு தெரிந்தது. "கறி இருக்கு" என்றாள்.

"புரியல மேடம்?"

"மத்தவங்கல்லாம் என்ன சொல்வாங்க?"

"பெரும்பாலும்... இறந்துட்டாங்கன்னு சொல்வாங்க."

"அப்ப அது இல்லன்னு போட்டுக்கோங்க" என்றாள் மார்வா. போனை வைத்துவிட்டுக் கறி சுற்றும் காகிதத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.